அறுவைக்குப் பிறகு அப்பாவுக்கு எவ்வளவு மூச்சு மிஞ்சும்?

கேள்வி: எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். அப்பாவுக்கு 62 வயது. காபி எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் மிளகுக்கொடி வைத்திருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே பீடி பிடிக்கிறார். இருமல் விடவே இல்லை என்று சேலத்தில் ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலின் மேல் மடலில் 2.8 செ.மீ. கட்டி இருந்தது. சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. பெட் ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. மேல் மடலை மட்டும் எடுத்துவிடலாம் என்கிறார் அறுவை மருத்துவர். ஊதும் டெஸ்டில் எஃப்.இ.வி.1 அளவு 1.62 லிட்டர், 64 சதவீதம். டி.எல்.சி.ஓ. 55 சதவீதம். ஹீமோகுளோபின் 10.2. இன்னொரு டாக்டரிடம் காட்டியபோது, "இந்த மூச்சை வைத்துக்கொண்டு ஆபரேஷனா?" என்று கேட்டார். அதிலிருந்து வீட்டில் ஒரே குழப்பம். "அறுத்தால் ஆள் படுத்த படுக்கையாகிவிடுவார், விட்டுவிடுங்கள்" என்கிறார் மாமா. ஆபரேஷனுக்கு அப்புறம் எவ்வளவு மூச்சு மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? அப்பா மறுபடி மேலே வந்து எங்கள் வீட்டில் இருக்க முடியுமா? ரிப்போர்ட் நகல்களை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்: முன்கூட்டியே சொல்ல முடியும் அம்மா. துல்லியமாக இல்லாவிட்டாலும், முடிவெடுக்கப் போதுமான அளவுக்குச் சொல்லலாம். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தவரை, இந்த அறுவைக்கு உங்கள் அப்பா தகுதியில்லாதவர் என்று யாரும் இப்போதே சொல்லிவிட முடியாது. அதேபோல, கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப்போகலாம் என்றும் சொல்ல முடியாது. நடுவில் செய்ய வேண்டிய சில வேலைகள் பாக்கி இருக்கின்றன. அவரை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. ஒவ்வொரு மடலும் தனித்தனி மூச்சுக்கிளையும் ரத்தக்குழாயும் கொண்ட சிறு கூறுகளாகப் பிரிந்திருக்கிறது. வலது மேல் மடலில் 3 கூறுகள், நடு மடலில் 2, கீழ் மடலில் 5. இடது பக்கம் மேலே 5, கீழே 4. ஆக மொத்தம் 19. உங்கள் அப்பாவுக்கு எடுக்கப்போவது 3. மீதி 16. இப்போதுள்ள எஃப்.இ.வி.1 அளவை, அதாவது முதல் ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவை, 16ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால் 1.36 லிட்டர் வருகிறது. அவர் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய அளவில் இது 54 சதவீதம். டி.எல்.சி.ஓ.வையும், அதாவது காற்று ரத்தத்தில் சேரும் திறனையும், அப்படியே கணக்கிட்டால் 46 சதவீதம். "பாதி நுரையீரலை எடுக்கிறார்கள்" என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். எடுப்பது பாதி அல்ல, ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை உங்கள் மாமாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எஃப்.இ.வி.1 என்பது நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, முழு பலத்தோடு ஊதும்போது முதல் ஒரு நொடியில் வெளியே வரும் காற்றின் அளவு. காற்றுப்பாதை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அது காட்டும். டி.எல்.சி.ஓ. வேறு விஷயத்தைச் சொல்கிறது. உள்ளே போன காற்று நுரையீரலின் மெல்லிய சுவரைத் தாண்டி ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதை அளப்பது அது. நன்றாக ஊதுகிறவருக்கும் இந்தச் சுவர் பழுதாகியிருக்கலாம், முக்கியமாகப் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு. அதனால் எஃப்.இ.வி.1 ஒன்றை மட்டும் வைத்து நுரையீரல் அறுவையை முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. உங்கள் மருத்துவர் இரண்டையும் எடுத்திருக்கிறார். நல்ல விஷயம்.

ஆனால் கணக்குக்குள் போட்ட எண்கள் சரியா? எனக்கு அங்கேதான் சந்தேகம்.

ஊதும் டெஸ்டின் தாளில் மூன்று கோடுகள் வரைந்திருக்கும், எடுத்துப் பாருங்கள். மூன்று முறை ஊதியதற்கான கோடுகள் அவை. ஒழுங்காக எடுத்த டெஸ்டில் அவை ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்க வேண்டும். மிக நல்ல இரண்டு ஊதல்களுக்கு இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. உங்கள் அப்பாவின் தாளில் முதல் ஊதல் 1.62, இரண்டாவது 1.31. மூன்றாவது கோடு பாதியிலேயே ரம்பப் பல் மாதிரி உடைந்து நிற்கிறது, அந்த இடத்தில் இருமியிருக்கிறார். அப்படியானால் 1.62 அவருடைய முழுத் திறன்தானா என்றே தெரியவில்லை. அதைவிட அதிகமாகக்கூட ஊதக்கூடியவராக இருக்கலாம். இன்ஹேலர் கொடுத்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊதவைத்த அளவும் தாளில் இல்லை. அறுவைக்கான கணக்கில் இன்ஹேலருக்குப் பிறகு வரும் அளவைத்தான் போட வேண்டும்.

அதனால் டெஸ்டை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் இரண்டு மூன்று வாரம் மருத்துவர் சொல்கிற இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கட்டும். டெஸ்ட் அன்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம், வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பல் செட் வைத்திருந்து, அது ஆடாமல் நிற்கும் என்றால் கழற்றாமலே ஊதட்டும், கழற்றினால் உதட்டோரம் காற்று கசியும். மூக்கில் கிளிப்பைப் போட்டு "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க" என்று டெக்னீஷியன் கத்தும்போது, மரியாதைக்கு மெதுவாக ஊதுகிற பெரியவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். முதல் நொடியிலேயே மொத்த பலத்தையும் போட வேண்டும், அப்புறம் ஆறு நொடி வரைக்கும் விடாமல் தள்ள வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

டி.எல்.சி.ஓ.வுக்கு வருவோம். இந்த டெஸ்டில் மிகக் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை உள்ளே இழுக்கச் சொல்லி, ரத்தம் அதில் எவ்வளவைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். பிடித்துக்கொள்வது ஹீமோகுளோபின். அது குறைவாக இருந்தால் நுரையீரல் நன்றாக இருந்தாலும் எண் குறைந்துதான் வரும். அப்பாவுக்கு 10.2. இதற்காகத் திருத்திக் கணக்கிடும் முறை இருக்கிறது. அதைப் போட்டால் 55 என்பது 65ஐ ஒட்டி வருகிறது. ரிப்போர்ட்டில் திருத்திய அளவு எதுவும் இல்லை. லேபில் ஏற்கெனவே திருத்தித்தான் 55 என்று போட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தாதது என்றால், அறுவைக்குப் பிறகு மிஞ்சும் டி.எல்.சி.ஓ. 46 அல்ல, 54 அல்லது 55. இன்னொன்று, பீடி பிடித்தவரின் ரத்தத்தில் ஏற்கெனவே கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும், அதுவும் எண்ணைக் கீழே இழுக்கும். டெஸ்டுக்குப் போகும் வழியில் அடிவாரத்தில் பஸ் நின்றதும் இறங்கி ஒரு பீடி பற்றவைத்தாரா என்று கேளுங்கள். ரத்தம் ஏன் குறைந்தது என்பதையும் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். கணக்குக்காக மட்டும் அல்ல, அறுவைக்கே அது தேவை.

சரி, மிஞ்சப்போகும் எஃப்.இ.வி.1 54 சதவீதம் என்பதற்கு என்ன அர்த்தம்? அமெரிக்க நெஞ்சு மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிமுறையைத்தான் பல இடங்களில் பின்பற்றுகிறோம். மிஞ்சப்போகும் எஃப்.இ.வி.1, டி.எல்.சி.ஓ. இரண்டுமே 60 சதவீதத்துக்கு மேல் என்றால் வேறு சோதனை வேண்டாம், நேராக அறுவைக்குப் போகலாம். ஏதாவது ஒன்று 30க்குக் கீழே என்றால் சைக்கிள் ஓட்டவைத்தோ டிரெட்மில்லில் நடக்கவைத்தோ, உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று அளக்கும் முழுச் சோதனை தேவை. உங்கள் அப்பா நடுவில் இருக்கிறார், 30க்கும் 60க்கும் இடையே. இந்த இடத்தில் நிற்கிறவர்களை எண்ணைப் பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. அவர்களை மாடி ஏறச் சொல்ல வேண்டும். இரண்டாவது டாக்டர் கேட்ட கேள்வியில் தப்பில்லை. பதிலைத் தாளில் தேடாமல் மாடிப்படியில் தேடியிருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

மாடி ஏறும் சோதனையில் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டிவிட்டு, கூடவே ஒருவர் ஏறுவார். நோயாளி தன் வேகத்தில், நடுவில் உட்காராமல், முடிகிறவரை ஏற வேண்டும். மூச்சு வாங்கியோ கால் ஓய்ந்தோ நிற்கும் இடம் வரைக்கும் எத்தனை படி என்று எண்ணி, படியின் உயரத்தால் பெருக்குவார்கள். 22 மீட்டரைத் தாண்டினால் ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொண்டு அறுவைக்குப் போகலாம். படி ஒன்றுக்கு 16 செ.மீ. என்றால் 138 படிகள், சுமார் ஏழு மாடி. பன்னிரண்டு மீட்டர்கூட ஏற முடியாதவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் தெளிவாகவே அதிகம். ஏறும்போது ஆக்சிஜன் அளவு 4 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலும் யோசிக்க வேண்டும். அவ்வளவு மாடி இல்லாத இடங்களில் பத்து மீட்டர் தூரத்துக்குள் முன்னும் பின்னும், பீப் சத்தத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டி நடக்கவைப்பார்கள். அதில் 400 மீட்டரைத் தாண்டினால் தேறியதாகக் கணக்கு. இரண்டிலும் தேறாவிட்டாலும் கதை முடிந்துவிடாது. அந்த முழு உடற்பயிற்சிச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதில் உடல் எடை கிலோவுக்கு நிமிடத்தில் 10 மில்லி ஆக்சிஜன்கூடப் பயன்படுத்த முடியாதவர்களுக்குத்தான் அறுவை மிக ஆபத்தானது, வேறு வழி பார்க்க வேண்டும் என்போம்.

மாடி ஏறுவது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் நுரையீரல், இதயம், கால் தசை, மன உறுதி நான்கையும் ஒரே நேரத்தில் சோதிப்பது இதுதான், ஊதும் கருவியால் அது முடியாது. காபித் தோட்டத்துச் சரிவில் ஆயுள் முழுக்க ஏறி இறங்கிய மனிதர் இதில் நம்மை வியக்க வைக்கலாம். அதற்காக வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் நீங்களே ஏறவைத்துப் பார்க்காதீர்கள். இசிஜி, எக்கோ எடுத்து இதயத்தைப் பார்த்த பிறகு, சேலத்தில், மருத்துவமனைக்குள்தான் செய்ய வேண்டும்.

அறுவை மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். "உள்ளே திறந்து பார்த்தபின் மேல் மடலோடு நிற்காமல் அதிகம் எடுக்க வேண்டி வருமா?" நடு மடலும் சேர்ந்து போனால் மிஞ்சும் எஃப்.இ.வி.1 அளவு 47 சதவீதம். வலது நுரையீரல் முழுக்கப் போனால் கணக்குப்படி 30ஐ ஒட்டி வந்து நிற்கும், திருத்தாத டி.எல்.சி.ஓ. அதற்கும் கீழே போய்விடும். கட்டி மூச்சுக்கிளையின் முகப்புக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்து அவரால் ஓரளவு சொல்ல முடியும். அப்படி ஒரு வாய்ப்பு இருந்தால் கூறுகளை எண்ணும் கணக்கு போதாது. ஒவ்வொரு நுரையீரலுக்கும் எவ்வளவு ரத்தம் போகிறது என்று காட்டும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் எடுத்து, அதை வைத்துக் கணக்கிட வேண்டும். எந்த எல்லை வரைக்கும் எடுக்க நீங்கள் சம்மதிக்கிறீர்கள் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது அப்பாவைக் கேட்க முடியாது.

ஒரு நுரையீரல் முழுக்கப் போனாலும் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1933 ஏப்ரலில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், புற்றுநோய்க்காக ஜேம்ஸ் கில்மோர் என்பவரின் இடது நுரையீரல் முழுவதையும் ஒரே அறுவையில் எடுத்தார். கில்மோரும் ஒரு மருத்துவர். ஒற்றை நுரையீரலோடு மறுபடி வைத்தியம் பார்த்து, 1963 வரை வாழ்ந்தார். பல வருடம் சிகரெட் பிடித்த கிரஹாம் 1957இலேயே நுரையீரல் புற்றுநோயில் இறந்துபோனார்.

மேலே போட்ட எண்கள் அறுவை முடிந்த மறுநாளுக்கானவை அல்ல. இதை நிறையக் குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை, அதனால்தான் முதல் வாரத்தில் பயந்துபோகிறார்கள். வலி, சளி, மயக்க மருந்தின் களைப்பு எல்லாம் சேர்ந்து முதல் ஓரிரு நாள் எஃப்.இ.வி.1 கணக்கிட்ட அளவைவிட மூன்றில் ஒரு பங்கு வரைகூடக் கீழே இருக்கும். உங்கள் அப்பாவுக்கு அது ஒரு லிட்டரைத் தொடாமலும் போகலாம். அந்த நாட்களைத் தாண்டுவதுதான் கஷ்டம். வலி அடங்கினால்தான் இருமிச் சளியைத் துப்ப முடியும், துப்பாவிட்டால் நிமோனியா வரும். அதனால் வலிக்கு என்ன ஏற்பாடு, நரம்பை மரக்கவைக்கும் ஊசி உண்டா, சிறு துளைகள் வழியாகச் செய்ய முடியுமா என்றெல்லாம் தயங்காமல் கேளுங்கள். மூன்று பந்து ஏறும் மூச்சுக் கருவியை இப்போதே வாங்கிப் பழக்குங்கள். வலியோடு படுத்திருக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்வது சிரமம்.

அப்புறம் மெதுவாக ஏறும். மீதி மடல்கள் விரிந்து காலி இடத்தில் பரவும், உதரவிதானம் கொஞ்சம் மேலே வரும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், ஒரு மடல் எடுத்தவர்களில் பெரும்பாலோர் கணக்கிட்டதைவிட நல்ல நிலைக்கே வந்துவிடுகிறார்கள். சராசரியாக நிரந்தர இழப்பு பத்து சதவீதத்தைச் சுற்றித்தான். அப்பாவுக்கு இன்னொரு சாதகமும் இருக்கலாம். சி.டி. ரிப்போர்ட்டில் மேல் மடல்களில் எம்பைசீமா என்று எழுதியிருக்கிறார்கள். காற்றறைகள் சிதைந்து, பெருத்துப்போய், வேலை செய்யாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். 19 கூறுகளும் சமமாக உழைக்கின்றன என்று வைத்துப் போட்ட கணக்கு, அப்படிப்பட்ட மடலை எடுக்கும்போது இழப்பைக் கூட்டித்தான் காட்டும். சிலருக்கு அறுவைக்குப் பிறகு மூச்சு முன்பைவிட இலகுவாகவே ஆகிவிடுகிறது. உங்கள் அப்பாவுக்கும் அப்படி ஆகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் சி.டி.யைப் பார்க்காமல் வெறும் எண்ணை வைத்துப் பயமுறுத்துவது நியாயமில்லை.

மாமா சொல்கிற "விட்டுவிடுங்கள்" பற்றி. பரவாத நிலையில் கண்டுபிடித்த நுரையீரல் புற்றுநோய் நம் ஊரில் அரிது. பெரும்பாலோர் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். முழுமையாக எடுத்து விடுபட ஒரு வாய்ப்பு இப்போது கைக்கு எட்டியிருக்கிறது. விட்டுவிட்டால் கட்டி வளரும், அப்போது அந்த மூச்சையும் அதுவே எடுத்துக்கொள்ளும். சோதனைகளில் தேறவில்லை என்றாலும் கை விரிக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும் குறிவைத்துச் சில நாட்களில் முடிக்கும் ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு இந்த நிலைக்கு ஏற்ற மாற்று. மடலுக்குப் பதில் கூறை மட்டும் எடுக்கும் அறுவையும் உண்டு. ஆனால் அதற்கான நல்ல ஆதாரம் 2 செ.மீ. வரையுள்ள கட்டிகளுக்குத்தான். 2.8 செ.மீ.க்கு அது முதல் தேர்வாக இருக்காது.

பீடியை இன்றைக்கே நிறுத்த வேண்டும். "ஆபரேஷன் தேதி கிடைக்கட்டும்" என்று இழுக்காதீர்கள். நான்கு வாரம் கிடைத்தால் மிக நல்லது, ஆனால் அதற்காகவே அறுவையைத் தள்ளிப்போடவும் வேண்டாம். குளிருக்கு விறகடுப்புப் பக்கத்தில் உட்காருவதும் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் புகையும் அதே வேலையைத்தான் செய்யும். தினமும் இரண்டு வேளை, பேச முடிகிற ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்கட்டும். மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் இருந்தால் டெஸ்டுக்கு முந்தைய அந்த இரண்டு மூன்று வாரமும் அவரிடம் விடுங்கள்.

மேலே திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டிய உயரம், சேலம் 300 மீட்டருக்குள். மேலே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. விமானத்துக்குள் வைத்திருக்கும் காற்றழுத்தம் இதைவிடக் குறைவாக, 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகக்கூட இருக்கும். ஒரு மடல் எடுத்தவர்கள் அதிலெல்லாம் போய்வருகிறார்கள். அதனால் ஏற்காட்டில் வாழ முடியும் என்றே எதிர்பார்க்கிறேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பிய அன்றே மேலே கூட்டிப்போகாதீர்கள். நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று தங்கியிருந்தால் மலை ஏற ஏற அது விரியும். நுரையீரல் முழுக்க விரிந்து ஒட்டிவிட்டது, காற்றுக்கசிவு இல்லை என்று எக்ஸ்ரேயில் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை கீழேயே இருங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் உறவினர் வீடு இருந்தால் நல்லது. காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் நடுராத்திரியில் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டியிருக்காது. முதல் தடவை மேலே போனதும் விரலில் கருவியை மாட்டி, உட்கார்ந்திருக்கும்போதும் நடந்தபின்பும் ஆக்சிஜனை எழுதி வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு ஏறுவது இந்த வருடம் வேண்டாம். மூச்சைவிட, வெட்டிய விலாப் பக்கத்துத் தசைதான் அதற்குக் காரணம். கை தூக்கிப் பறிக்கும் வேலைக்கு அது தயாராகச் சில மாதங்கள் ஆகும். கீழே நின்று ஆட்களை மேய்ப்பதற்குத் தடையில்லை.

திரும்ப எடுத்த ஊதும் டெஸ்டும், ரத்தக்குறைவுக்குத் திருத்திய டி.எல்.சி.ஓ.வும், மாடி ஏறியதில் எத்தனை மீட்டர் என்பதும் கையில் வந்ததும் எழுதுங்கள். மூன்று கோடுகள் உள்ள அந்தத் தாளின் நகலையும் மறக்காமல் இணையுங்கள்.